முதல் ஐந்து கிலோமீட்டர்: நிதானமாகத் தொடங்குவோம், நல்லபடியாக முடிப்போம்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஓட்டங்கள் இப்போது பெருநகரங்களோடு நிற்பதில்லை. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பொதுநல அமைப்புகளும் சிறிய ஊர்களில்கூட இவற்றை நடத்துகின்றன. ஒன்று புற்றுநோய் விழிப்புணர்வுக்காக, இன்னொன்று ஏழை மாணவர் கல்வி நிதிக்காக. முதன்முறை ஓடுபவர்கள் பெரும்பாலும் பெயர் கொடுப்பது 5 கி.மீ. பிரிவில்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு நடைப்பயிற்சி தொடங்கிய அத்தாமார்கள் கொடுக்கிறார்கள். நம் சகோதரிகளும் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான்.

ஆனால் முதல் ஓட்டத்தில் பலருக்கு நடப்பது இதுதான். கொடி அசைந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து பாய்கிறார்கள். முதல் கிலோமீட்டர் பறந்து போகிறது. இரண்டாவதில் மூச்சு இரைக்கிறது. மூன்றாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். மீதித் தூரம் எப்போது முடியும் என்றாகிவிடுகிறது. வீடு திரும்பியதும், "ஓட்டமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

இதில் நஷ்டம் ஒரு பதக்கம் அல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், உடல் பருமன் இவை மூன்றும் நம் குடும்பங்களில் எவ்வளவு சகஜமாகிவிட்டன என்பதை நாம் அறிவோம். அவற்றைக் கட்டுக்குள் வைக்க உதவும் ஒரு பழக்கம், முதல் பத்து நிமிட அவசரத்தால் ஆரம்பத்திலேயே கைநழுவிப் போகிறது. அந்தப் பத்து நிமிடத்தை எப்படி ஓடுவது, அதற்கு முன் எட்டு வாரம் எப்படித் தயாராவது என்பதே இந்தப் பாடம்.

முதலில் உடலைக் கேட்போம்

நன்றாக நடமாடும் இளைஞருக்கு 5 கி.மீ. பெரிய ஆபத்து இல்லை. ஆனால் கீழ்க்கண்டவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்:

- 40 வயதைத் தாண்டி, பல வருடங்களாக உடற்பயிற்சியே இல்லாதவர்கள்
- சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள்
- இளம் வயதிலேயே மாரடைப்பு வந்த உறவினர் உள்ளவர்கள்
- மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வருபவர்கள்
- கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களும்

இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓடும்போதோ ஓடி முடித்த சில மணி நேரத்திலோ சர்க்கரை இறங்கிவிடலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே அதைச் சாப்பிட வேண்டும்.

முதல் கிலோமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

நாம் ஓடத் தொடங்கியவுடன் தசைகள் அதிகப் பிராணவாயு கேட்கின்றன. இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு வேகமெடுக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை தசைகள் தம்மிடம் உள்ள சேமிப்பை வைத்துச் சமாளிக்கின்றன. கடன் வாங்கிச் செலவு செய்வது போலத்தான். செலவு செய்யும்போது சுகமாகவே இருக்கும். திருப்பிக் கொடுக்கும் நேரத்தில்தான் மூச்சு இரைப்பும் கால் கனமும் தெரியும்.

இதோடு பந்தய நாளின் பரபரப்பும் சேர்ந்துகொள்கிறது. ஓய்வெடுத்த கால்கள், ஒலிபெருக்கிச் சத்தம், பக்கத்தில் பாயும் இளைஞர்கள் எல்லாம் சேர்ந்து நாம் போகும் வேகத்தை நமக்கே தெரியாமல் செய்துவிடும். ஆகவே முதல் கிலோமீட்டரில் 'இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே' என்று தோன்றினால் கவலை வேண்டாம். புதியவருக்கு அதுவே பெரும்பாலும் சரியான வேகம்.

உலகின் சிறந்த வீரர்களும் இந்தக் கணக்கை மீறுவதில்லை. 2020 ஆகஸ்ட் 14-ல் மொனாக்கோவில் உகாண்டாவின் ஜோசுவா செப்டெகெய் 5,000 மீட்டர் தூரத்தை 12 நிமிடம் 35.36 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி 2 நிமிடம் 31 வினாடி. முதலிலிருந்து கடைசிவரை கிட்டத்தட்ட அதே சீரான வேகம். பாதை ஓரத்தில் ஓடிய விளக்குகள் அந்த வேகத்தை அவருக்குக் காட்டிக்கொண்டே வந்தன. ஆரம்பத்தில் பாய்ந்து நேரத்தைச் சேமித்து வைக்கலாம் என்று அவர் முயலவில்லை.

இன்னொரு உதாரணம் சோமாலியாவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய முகம்மது ஃபாரா. மோ ஃபாரா என்றால் பலருக்கும் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக் 10,000 மீட்டர் இறுதிப் போட்டியில், பாதித் தூரம்கூட முடியாத நிலையில் அவர் கால் தட்டிக் கீழே விழுந்தார். எழுந்தார். போன தூரத்தை ஒரே மூச்சில் பிடிக்க வேண்டும் என்று தலைதெறிக்க ஓடவில்லை. மெல்ல மெல்லக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வென்றார். விழுந்தவருக்கே நிதானிக்க நேரம் இருந்தது என்றால் நமக்கும் உண்டு.

நம் வேகத்தை நாம் எப்படி அறிவது?

விலை உயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை. இரண்டு சோதனைகள் போதும்.

*பேச்சுச் சோதனை.* ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். "நாளைக்கு மதியம் வீட்டுக்கு மாமா வருகிறார்" என்று தடையில்லாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். பயிற்சி நாட்கள் அனைத்திலும் இதுவே நம் அளவுகோல்.

*போய்த் திரும்பும் சோதனை.* போனில் நேரம் வைத்துக்கொண்டு ஒரு நேரான பாதையில் 10 நிமிடம் ஓடுங்கள். அங்கேயே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வாருங்கள். திரும்பி வர 10 நிமிடமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ ஆனால் ஆரம்ப வேகம் நமக்கு ஏற்றது. 12 நிமிடம் ஆனால் போகும்போது அவசரப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம். யார் முன்னால் போகிறார்கள் என்று பார்க்காமல், போன நேரத்துக்குள் யார் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்தால் நிதானம் தானாகப் பழகிவிடும். அவர்களுக்குப் போக 3 நிமிடம், வர 3 நிமிடம் போதும்.

எட்டு வாரத் தயாரிப்பு

வாரம் மூன்று நாள் போதும். இரண்டு ஓட்ட நாட்களுக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். தசையும் எலும்பும் பலம் பெறுவது அந்த ஓய்வில்தான். ஃபஜ்ர் தொழுகை முடிந்த நேரம் வெயிலுக்கும் வாகனங்களுக்கும் முந்திய நேரம் என்பதால் நமக்கு வசதியானது. பள்ளி மைதானம், கண்மாய்க் கரை, கடற்கரைச் சாலை என ஊருக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானம் கிடைத்தால் 12½ சுற்று 5 கி.மீ. ஆகும்.

ஒவ்வொரு நாளும் 5 நிமிட நடையில் தொடங்கி 5 நிமிட நடையில் முடிக்க வேண்டும். இடையில் செய்ய வேண்டியது இது:

- 1-வது வாரம்: 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை
- 2-வது வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை
- 3-வது வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை
- 4-வது வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை
- 5-வது வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை
- 6-வது வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை
- 7-வது வாரம்: இரண்டு நாள் 15 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மறுபடி 15 நிமிடம் ஓட்டம், மூன்றாம் நாள் நிதானமாக 4 கி.மீ.
- 8-வது வாரம்: தொடக்கத்தில் இரண்டு நாள் 15 நிமிடம் லேசாக, பிறகு இரண்டு நாள் ஓய்வு, அதன்பின் பந்தயம்

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி செய்யலாம். எட்டு வாரம் பத்து வாரமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதேபோல் காய்ச்சலால் ஒரு வாரம் விட்டுப்போனால், அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓட வேண்டாம். முழங்காலிலோ கணுக்காலிலோ ஓர் இடத்தில் குத்தும் வலி வந்து, ஓட ஓடக் கூடினால் நிறுத்திவிட வேண்டும். தசை முழுவதும் பரவும் லேசான வலி இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும்.

நோன்பு மாதம் இடையில் வந்தால் பந்தயத்துக்கான பயிற்சியைத் தள்ளிவைப்பது நல்லது. தண்ணீர் குடிக்க முடியாத பகல் நேரத்தில் ஓட்டம் வேண்டாம். இரவில் அரை மணி நேர நடை, உடல் ஒத்துழைத்தால் சில நிமிட மெல்லோட்டம் போதும். பெருநாளுக்குப் பிறகு இரண்டு வாரம் பின்னோக்கிப் போய்த் தொடங்கலாம்.

ஷூ, உடை, உணவு

ஓட்டத்துக்கென்று செய்த ஷூ ஒன்று வேண்டும். விலை முக்கியமல்ல, அளவு முக்கியம். நின்ற நிலையில் நீளமான கால்விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் போய் வாங்கினால் அளவு சரியாக அமையும். பந்தயத்துக்கென்று புது ஷூ வாங்கி அன்றைக்கே முதன்முறை போடுவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

பருத்தி உடை வியர்வையை உறிஞ்சிக் கனத்துப்போகும், தோலில் உராய்ந்து புண்ணாக்கும். சீக்கிரம் உலரும் தளர்வான மெல்லிய துணி நல்லது. உராயும் இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவலாம். முழுக்கை, முழுக்கால் உடையும் ஹிஜாபும் அணிந்து ஓடும் சகோதரிகள் வெளிர் நிறத்தில் மெல்லிய துணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கழுத்தருகே ஊசி குத்தாமல், தைத்து அணியும் வகை பாதுகாப்பானது. பந்தயத்தில் அணியப்போகும் அதே உடையில் இரண்டு மூன்று நாளாவது ஓடிப் பார்க்க வேண்டும். காற்றில் அவிழ்கிறதா, கணுக்காலில் தடுக்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். முழுதாக மூடிய உடையில் சூடு அதிகம் தங்கும். அதற்கேற்ப வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தின நாள் இரவு வலீமா பிரியாணி வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் இறைச்சியும் செரிக்க நேரமாகும். வழக்கமான சாதமோ இட்லியோ சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். காலையில் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம். பயமாக இருக்கிறது என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பது வயிற்றைக் குலுக்கும். இத்தனை சிறிய தூரத்துக்கு அது தேவையும் இல்லை.

பந்தய நாள்

ஓட்டங்கள் பெரும்பாலும் ஆறு மணியை ஒட்டித் தொடங்கும். வந்து சேரச் சொல்லும் நேரமும் ஃபஜ்ர் நேரமும் அருகருகே வரும். வீட்டில் தொழுதுவிட்டுக் கிளம்ப நேரம் இருக்குமா, மைதானத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் உள்ளதா என்பதை முந்தின நாளே பார்த்து வையுங்கள். எண் அட்டை, ஊக்கு, விரிப்பு, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் இரவே பையில் எடுத்து வைத்துவிட்டால் காலைப் பதற்றம் இருக்காது. தொடக்கக் கோட்டுக்கு முன் 5 முதல் 10 நிமிடம் வேகநடை நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

நிற்கும் இடமும் முக்கியம். முன்வரிசை வேகமானவர்களுக்கு உரியது. புதியவர்கள் பின்பகுதியில் நின்றால் நெரிசலும் இல்லை, இழுத்துச் செல்லப்படும் ஆபத்தும் இல்லை.

5 கி.மீ. தூரத்தை 40 நிமிடத்தில் முடிக்க நினைப்பவர் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

- 1-வது கி.மீ.: 8 நிமிடம் 20 வினாடி. எல்லோரும் முந்திப் போவார்கள், போகட்டும்.
- 2-வது கி.மீ.: 8 நிமிடம் 5 வினாடி. மூச்சு ஒரு சீருக்கு வரும்.
- 3-வது கி.மீ.: 8 நிமிடம். மனம் சோர்வது இங்கேதான். முன்னால் போகும் ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள்.
- 4-வது கி.மீ.: 8 நிமிடம். ஆரம்பத்தில் பாய்ந்தவர்கள் இப்போது நடந்துகொண்டிருப்பார்கள்.
- 5-வது கி.மீ.: 7 நிமிடம் 35 வினாடி. மிச்சம் இருக்கும் பலத்தை இங்கே செலவழிக்கலாம்.

கூட்டிப் பார்த்தால் சரியாக 40 நிமிடம். நமக்கு 45 நிமிடம் ஆகும் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். விறுவிறுப்பாக நடந்தாலே இந்தத் தூரம் சுமார் 50 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே இடையில் நடப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டு ஓடலாம். களைத்துப்போன பிறகு நடப்பதைவிட, களைக்கும் முன்பே நடப்பது பலன் தரும். தண்ணீர் தரும் இடத்தில் நடந்துகொண்டே இரண்டு மடக்கு குடியுங்கள்.

விலாவில் பிடிப்பு வந்தால் வேகத்தைக் குறைத்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிறிது நடந்தால் பெரும்பாலும் போய்விடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிர உலராது, உடல் சூடு தணியாது. புழுக்கமான காலையில் திட்டமிட்ட நேரத்தை மறந்துவிட்டுப் பேச்சுச் சோதனையை மட்டும் நம்புங்கள்.

நெஞ்சில் வலியோ இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் தொண்டரை அழைக்க வேண்டும். யாராவது வெப்பத்தால் தடுமாறி, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-க்கு அழையுங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கோட்டைத் தொடாமல் வீடு திரும்புவது தோல்வி அல்ல. பந்தயங்கள் மறுபடியும் வரும்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உடனே உட்கார வேண்டாம். கால்களில் தங்கிய இரத்தம் மேலே திரும்பாமல் மயக்கம் வரலாம். 10 நிமிடம் மெதுவாக நடந்து, தண்ணீரோ மோரோ குடித்து, ஈரச் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நல்ல காலை உணவு சாப்பிட வேண்டும். அடுத்த இரண்டு நாள் நடை மட்டும் போதும்.

மூன்றாம் நாள் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு 15 நிமிடம் வெளியே போய் வாருங்கள். அந்த மூன்றாம் நாளுக்குத்தான் இத்தனை தயாரிப்பும். பந்தயத்தில் எத்தனையாவது வந்தோம் என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். வாரம் மூன்று நாள் ஓடும் பழக்கம் நிலைத்தால் அதன் பலனை அடுத்த இரத்தப் பரிசோதனையில் எதிர்பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் ஒருவர் தயாராகிறார் என்றால் மற்றவர்கள் ஒன்று செய்யலாம். மாலையில் அவரிடம் "இன்றைக்கு எத்தனை வேகமாக ஓடினாய்?" என்று கேட்காதீர்கள். "பேசிக்கொண்டே ஓட முடிந்ததா?" என்று கேளுங்கள். முடிந்தது என்று பதில் வந்தால் தயாரிப்பு நல்லபடியாக நடக்கிறது என்று பொருள்.